ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி

மாணவர்களே! திருச்சி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையாரைத் தரிசித்துவிட்டுப் படி இறங்கியிருக்கிறீர்களா? ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் நடுங்கும். உடல் விழுந்துவிடாமல் படிக்குப் படி தடுத்து நிறுத்துவது கால் தசைகள் அல்லவா? மலைச்சாலையில் இறங்கும் காருக்கு இந்த வேலையைச் செய்வது பிரேக்.

ஸ்ரீரங்கத்துக் குடும்பம் ஒன்று காரில் உதகமண்டலம் சென்று, நீலகிரியைக் கடந்து மைசூருக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். உதகையிலிருந்து இறங்க இரு சாலைகள் உண்டு. பைக்காரா, நடுவட்டம், கூடலூர் வழியாகச் செல்வது ஏறத்தாழ 67 கி.மீ. கல்லட்டி, மசினகுடி வழி அதில் சுமார் பாதிதான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. இரண்டும் முதுமலைக் காட்டிலுள்ள தெப்பக்காட்டில் சேர்கின்றன. இரண்டுமே கண்ணுக்கு விருந்து. எதைத் தேர்ந்தெடுப்பது?

கணக்கிட்டுப் பார்ப்போம். இறங்கும் உயரத்தை 1,200 மீட்டர் எனக் கொள்வோம். 83 மீட்டர் உயரமுள்ள மலைக்கோட்டையைப் போல் இது பதினான்கு மடங்கு! ஆட்களுடன் காரின் நிறை 1,200 கிலோகிராம் என்றால், அது இழக்கும் நிலை ஆற்றல் 1,200 × 10 × 1,200 = 1 கோடியே 44 லட்சம் ஜூல். எந்த வழியில் இறங்கினாலும் இது மாறாது.

மாறுவது, அது வெளிப்படும் வீதம். மணிக்கு 36 கி.மீ. என்பது வினாடிக்கு 10 மீட்டர். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் கார் வினாடிக்கு 1 மீட்டர் தாழ்கிறது. திறன் 12,000 வாட். ஆயிரம் வாட் மின் அடுப்புகள் பன்னிரண்டு சேர்ந்து எரிவதற்கு இது சமம்! இருபதுக்கு ஒன்று என்ற சரிவில் ஆறு அடுப்புகள்தாம். காற்றுத் தடையும் சக்கர உராய்வும் ஒரு பங்கை ஏற்கும். மீதியைப் பிரேக் மட்டுமே தாங்கினால், அது அளவு மீறிச் சூடாகி உராய்வை இழக்கும். பிறகு எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது.

ஆகவே தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். அப்போது இன்ஜினே வண்டியைப் பின்னிழுத்துப் பிரேக்கின் சுமையைக் குறைக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் இறங்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

இறங்கக் கூடலூர் வழியே நல்லது. திரும்பி ஏறும்போது புவியீர்ப்பே வேகத்தைத் தணிக்கும். அப்போது கல்லட்டியை நினைக்கலாம். வெளியூர் வண்டிகளுக்கு அங்கே கட்டுப்பாடுகள் விதிக்கப்படுவதுண்டு. கேட்டறிந்தே செல்ல வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: மலைக்கோட்டை உச்சியிலிருந்து இறங்கும்போது உங்கள் கால்கள் தாங்கும் ஆற்றல் எத்தனை ஜூல்?