தோட்டத்து வழிப்போக்கர்

நுழையும்முன்
வீட்டுத் தோட்டத்தில் அமரும் வண்ணத்துப்பூச்சியின் அழகில் நாம் மயங்குகிறோம். அது எங்கே செல்கிறது என்று கேட்ட ஒருவருக்கு விடை கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஆகஸ்ட்டு இறுதியில் இரவுகள் குளிரத் தொடங்கும். அப்போது வீட்டுத் தோட்டங்களின் ஊதாநிற ஆஸ்டர் பூக்களை நாடி, கருநரம்பு ஓடிய செம்மஞ்சள் இறகுகளுடன் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வரும். காலை வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்டு, தேனுண்டு, தெற்கு நோக்கிப் பறந்துவிடும். மறுநாள் அதே பூவில் அமர்வது வேறொன்றாக இருக்கலாம். பல நாள் பொறுமையாகப் பார்ப்பவருக்கே இவை வழிப்போக்கர் என்பது புலப்படும்.

இதன் எடை அரை கிராம். பயணமோ 4,000 கிலோமீட்டர் வரை நீளும். கோடைத் தலைமுறைகள் சில வாரங்களே வாழ்கின்றன. இலையுதிர்காலத் தலைமுறை மட்டும் இனப்பெருக்கத்தைத் தள்ளிவைத்துக் கொழுப்பைச் சேமித்து, எட்டு மாதம் வரை உயிர்வாழ்கிறது. முன்பு சென்றுவந்த மூத்தவர் எவரும் அதற்கு வழிகாட்டுவதில்லை. கதிரவனின் இருப்பிடத்தைக் கண்களாலும், பொழுதின் நகர்வை உணர்கொம்புகளில் உள்ள உயிர்க்கடிகாரத்தாலும் அறிந்து அது திசை கொள்கிறது.

இவை குளிர்காலத்தை எங்கே கழிக்கின்றன என்பதைக் கனடா நாட்டு விலங்கியலாளர் பிரெட் அர்க்கார்ட் அறிய விரும்பினார். அவரும் மனைவி நோராவும் இறகில் ஒட்டும் சிறு அடையாளச் சீட்டை உருவாக்கினர். 1952இல் நோரா ஓர் இதழில் எழுதி உதவி கோரினார். பின்னர் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் தத்தம் ஊர்களில் சீட்டு ஒட்டினர். 1975 ஜனவரியில் கென் பிரக்கர், கேத்தலினா அகுவாடோ இணையர் மெக்சிகோவின் மலைக்காட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், கிளையும் இலையும் தெரியாதபடி மரங்களை மூடியிருந்த கோடிக்கணக்கான மொனார்க்குகளைக் கண்டனர். மறு ஆண்டு அர்க்கார்ட் முதுமையையும் பொருட்படுத்தாமல் அங்கு ஏறினார். பூச்சிகளின் பாரத்தால் அவரருகே ஒரு கிளை முறிந்து விழுந்தது. விழுந்தவற்றுள் ஒன்றன் இறகில் சீட்டு இருந்தது! மினசோட்டாவின் சாஸ்கா என்னும் ஊரில் ஓர் ஆசிரியரும் இரு மாணவர்களும் ஒட்டியது அது.

எண்ணிமுடியாத இவற்றைக் காட்டில் அவை மூடும் பரப்பைக்கொண்டே அளவிடுகின்றனர். 1996-97 குளிர்காலத்தில் ஏறத்தாழ 18 ஹெக்டேராக இருந்த பரப்பு, 2013-14இல் 0.67 ஆகச் சுருங்கியது. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று வயலில் இருக்கிறது. மொனார்க் புழு மில்க்வீட் என்னும் பால்வடியும் செடிகளின் இலையையே உண்ணும். அவை நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை. எருக்கிலையில் வளரும் நம்மூர் வெந்தய வரியனும் மொனார்க்கும் ஒரே பேரினம். மக்காச்சோள, சோயா வயல்களில் தெளித்த களைக்கொல்லி அச்செடிகளைப் பெருமளவில் அழித்தது. ஆகவே இன்று அங்குப் பலர் ஒரு காலத்தில் களையென்று பிடுங்கிய செடியைத் தோட்டத்தில் விதைத்து வளர்க்கின்றனர்.

ஆகஸ்ட்டில் விடைபெற்ற பூச்சி அத்தோட்டத்திற்குத் திரும்புவதில்லை. வசந்தத்தில் வடக்கு நோக்கி வரும் வழியிலேயே முட்டையிட்டு மடிகிறது. அடுத்த கோடையில் அங்கு வந்து சேர்பவை அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே.