முன்நின்ற தலைவர்

டாங்கி என்பது தடித்த எஃகுத் தகடு போர்த்த யுத்த வண்டி. அதனுள் இருக்கும் வரையில் சிப்பாய்க்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. அப்பாதுகாப்பை விட்டு வெளியே வந்து படை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் கூறுவோம்.

ஹென்றி புட் 1904-ம் வருஷம் வங்காளத்திலுள்ள இஷாபூரில் பிறந்தவர். 1942-ல் லெப்டினண்ட் கர்னல் பதவியில், 7-வது ராயல் டாங்கி ரெஜிமெண்டின் தலைவராக லிபியா பாலைவனத்தில் ஜெர்மானிய, இத்தாலிய சைனியங்களை எதிர்த்தார். ஜூன் 6-ந் தேதி அவருடைய டாங்கி சேதமுற்றது. வேறொன்றிற்கு மாறுகையில் கழுத்தில் காயம் பட்டது. அவரோ டாங்கியின் வெளிப்புறத்தில் இருந்தபடியே படையை நடத்தினார். மற்றொரு டாங்கியும் பழுதாகவே, கால்நடையாகச் சென்று வீரர்களை ஊக்கினார்.

13-ந் தேதி, நைட்ஸ்பிரிட்ஜ் என்னுமிடத்திலிருந்து கார்ட்ஸ் பட்டாளம் வெளியேறும் வரையில் எதிரி டாங்கிகளைத் தடுக்கும்படி அவருக்கு உத்தரவாயிற்று. முதல் வரிசை அழிந்தது. குண்டுமாரியினிடையே டாங்கிக்கு டாங்கி நடந்து, எஞ்சியவற்றை ஒழுங்குபடுத்தினார். பின்னர் தாம் ஏறிய டாங்கியை யாவற்றிற்கும் முன்னே நிறுத்தினார். அதன் பீரங்கியும் துப்பாக்கிகளும் பயனற்றுப் போயின. எனினும், தம்மவர் காணுமாறு அதன் மேற்கூண்டில் நின்றார். வழி அடைபடவில்லை, பட்டாளம் தப்பியது.

அப்போர் பிரிட்டிஷாருக்குத் தோல்வியாகவே முடிந்தது; ஜூன் 21-ந் தேதி டோப்ரூக் வீழ்ந்தது. ஆயினும் 1944-ல் புட்டுக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. மேஜர் ஜெனரலாக உயர்ந்த அவர் 1993-ல் காலமானார்.

அன்பர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சுடமாட்டாத அந்த டாங்கியால் எதிரிக்குச் சேதமில்லை. அதில் நின்ற தலைவரைக் கண்டே மற்றவர்கள் நிலைகுலையாதிருந்தனர். கஷ்டகாலத்தில் ஜனங்கள் முதலில் பார்ப்பது, தலைவர் எங்கே நிற்கிறார் என்பதையே.