சைக்காலஜி படிப்பு: கடனுக்கு முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை சைக்காலஜி படிக்கப்போவதாகச் சொன்னால், "படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்றுதான் வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. குழந்தைத் திருமணத்தோடும் பெண் சிசுக்கொலையோடும் நெடுங்காலம் போராடிவரும் நம் தருமபுரி மாவட்டத்துக்கு மனநலம் படித்தவர்கள் நிறையப் பேர் தேவை. அப்படி வரக்கூடிய பிள்ளைகள் கடன் சுமையால் பாதியில் நின்றுவிடக் கூடாது. அதனால் சேர்க்கைக்கு முன்பே தாளும் பேனாவும் எடுத்து உட்காருங்கள்.

முதலில் ஆண்டுகளை எண்ணுங்கள். மூன்றாண்டு இளநிலைப் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு யாரும் மருத்துவ உளவியலாளர் ஆக முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அதற்கு இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்.சி.ஐ. ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி வேண்டும். முதுநிலைப் பட்டமும், அதன்மேல் இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியும் என்பதே அதற்கு வழக்கமாக இருந்துவந்த வழி. அந்த வழியில் மூன்று, இரண்டு, இரண்டு என்று ஏழு ஆண்டுகள். பயிற்சிப் படிப்புகளின் வடிவம் மாறிவருவதால், சேரும் ஆண்டில் ஆர்.சி.ஐ. பட்டியலைப் பார்த்துக்கொள்வது அவசியம். ஆகவே என் முடிவு இது: வாங்க முடிந்த கடனையெல்லாம் முதல் மூன்று ஆண்டிலேயே வாங்கித் தீர்த்துவிடாதீர்கள். கடன் உண்மையில் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, எந்த வேலைக்காகப் படிக்கிறோம் என்பதை எழுதி வையுங்கள். அரசு வேலைதான் குறி என்றால், குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளருக்கு அடிப்படை ஊதியம் 19,500 ரூபாயில் தொடங்குகிறது. ஆனால் அதற்குப் பத்தாம் வகுப்பே போதும். அந்த வேலைக்காக லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் பட்டம் படிப்பதில் பொருள் இல்லை. குரூப் 2, வங்கித் தேர்வுகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். அது குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் வாங்கியதாக இருந்தாலும் மதிப்பு ஒன்றுதான். ஆலோசகர் வேலைதான் விருப்பம் என்றால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம் போன்றவற்றுக்கு மாவட்ட நிர்வாகம் வெளியிடும் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளைத் தேடிப் படியுங்கள். தொகுப்பூதியம் எவ்வளவு, ஒப்பந்தம் எத்தனை மாதம், என்ன தகுதி கேட்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்லூரி விளம்பரத்தில் போடும் சம்பளத்தை நம்புவதைவிட இதை நம்பலாம்.

மூன்றாவது, எங்கே படிப்பது? அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பத்தில் உளவியல் எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் உண்டு. கட்டணம் குறைவுதான், ஆனால் விடுதி, சாப்பாடு, பஸ் செலவையும் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். முதுநிலைக்குச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது. "கரஸ்ல படிச்சுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் படிப்புக்குப் புதிதாக ஆள் சேர்க்க வேண்டாம் என்று யு.ஜி.சி. உத்தரவிட்டிருக்கிறது.

இனி கடன் கணக்கு. தனியார் கல்லூரிக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் மூன்று லட்சம் வாங்குவதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். படிக்கும் மூன்று ஆண்டும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தக் காலத்துக்கும் வட்டி ஏறும். தனிவட்டியாகப் பார்த்தாலே 90,000 ரூபாய். திருப்பிக் கட்டத் தொடங்கும் நாளில் கடன் 3,90,000. பத்தாண்டில் அடைக்க மாதம் சுமார் 5,150 ரூபாய். கடைசியில் கட்டியிருக்கும் மொத்தம் ஏறக்குறைய 6,18,000.

ஓசூரிலோ பெங்களூரிலோ மாதம் 15,000 சம்பளத்தில் சேரும் பிள்ளைக்கு, தவணை போக மிஞ்சுவது 9,850. அதில்தான் அறை வாடகை, சாப்பாடு எல்லாம். மேற்படிப்புக்கு என்ன மிஞ்சும்? கைக்கு வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்பது என் அளவுகோல். 15,000க்கு அது 3,000. படிப்புக் கால வட்டியையும் சேர்த்துப் பார்த்தால், இதே வட்டிக்கு அந்தத் தவணை தாங்கும் கடன் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கிட்டத்தட்ட வருகிறது. அதற்கு மேல் கேட்கும் கல்லூரி நம் வீட்டுக்கு ஆகாது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கடன்களையும் இந்தத் தாளிலேயே எழுதுங்கள். நகைக்கடன், குழுக் கடன், வாரத் தவணை, கைமாற்று, ஒன்றையும் விடக் கூடாது. மூன்று ரூபாய் வட்டி என்பது ஆண்டுக்கு 36 சதவீதம். முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு ஒரு லட்சத்தை அப்படி வாங்கினால், ஓராண்டு வட்டி மட்டும் 36,000. அவசரத்துக்கு அங்கே போவதைத் தவிர்க்க, சேர்க்கைக் கடிதம் வந்த வாரத்திலேயே வித்யாலட்சுமி கல்விக்கடன் தளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். 4 லட்சம் வரை வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட வேண்டும்.

இங்கே ஒன்றில் பலர் ஏமாறுகிறார்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே கட்டிவிடும் என்று சொல்வார்கள். அந்தத் திட்டம் தொழில்நுட்ப, தொழிற்படிப்புகளுக்கானது. சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. சைக்காலஜிக்கு அது கிடைக்கும் என்று வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், படிக்கும்போதே வட்டியைக் கட்டிவாருங்கள். முதல் லட்சத்துக்கு மாத வட்டி 833 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த மாணவிக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. முதல் ஆண்டு வட்டியை அதிலேயே அடைத்துவிடலாம். படிப்புக் காலத்தில் வட்டி கட்டுவோருக்கு ஒரு சதவீதம் வரை வட்டிச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் மேலாளரிடம் அதைக் கேட்டு, ஒப்புதல் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.