ஸ்டார், குடில், சீரியல்: காரக்கோணம் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

காரக்கோணம், பாறசாலைப் பக்கம் டிசம்பர் பிறந்தாலும் துலாமழை முழுசாக விடைபெறாது. கிறிஸ்துமஸ் காகித ஸ்டாரை முற்றத்து மாமரத்தில் தொங்கவிட்டால் ஒரே மழையில் நைந்துவிடும், இறவாரத்துக்குள் கட்டுங்கள். உள்ளே குண்டு பல்பு வேண்டவே வேண்டாம், அதன் சூட்டில் காகிதம் கருகும். 5 வாட் எல்இடி தாராளம். கார்த்திகை அகல்கள் அதே திண்ணையில் எரியுமானால் ஸ்டாரைத் தள்ளிக் கட்டுங்கள்.

குடிலுக்குப் பச்சை வயல் வேண்டுமா? டிசம்பர் 14, 15 வாக்கில் விதையுங்கள். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, முளை வெள்ளையாக எட்டிப் பார்த்ததும் தட்டில் பரப்பிய மண்மேல் நெருக்கமாகத் தூவுங்கள். தண்ணீரை ஊற்றாமல் விரலால் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கி, வயல் திட்டுத்திட்டாக முளைக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் புல்லுக்கு இந்த அழகு வரவே வராது. பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள், ஆசையாகச் செய்வார்கள்.

துலாமழையின் இடி பெரும்பாலும் மதியத்துக்குமேல்தான், சீரியல் நேரம் வரை நீளும். வானம் கறுக்கும்போதே டிவி பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. இடி வெட்டத் தொடங்கியபின் வயரைத் தொடாதீர்கள். அம்மாவுக்குச் சன் டிவி, மருமகளுக்கு ஏசியாநெட் என்று இருக்கும் எல்லையோர வீடுகளில், தவறிய பகுதியைப் பிறகு சன் நெக்ஸ்டிலோ ஜியோஹாட்ஸ்டாரிலோ பார்த்துக்கொள்ளலாம்.