வீட்டுக்குள் ஒட்டுப்பால்

எங்கள் அம்மா பாடாங் செராய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். மரத்தடிக்குப் போனதும் உளியை வைத்துவிட மாட்டார். முதல் நாள் வெட்டுத் தடத்தில் காய்ந்து நாடாபோல் ஒட்டியிருக்கும் பாலை நகத்தால் நெம்பி உரித்து, இடுப்பில் கட்டிய பைக்குள் போட்டுக்கொண்ட பிறகுதான் புது வெட்டு. மங்கின் அடியில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலும் அந்தப் பைக்குத்தான். காண்டாவாளியில் போகிற பாலுக்கு ஒரு கணக்கு, ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு. அந்தத் தனிக் காசை அம்மா சம்பளத்தோடு கலந்து நான் பார்த்ததே இல்லை. அது மைலோ டின்னுக்குள் போகும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது எங்கள் மூன்று பேருக்கும் வெள்ளைச் சப்பாத்து அந்த டின்னிலிருந்துதான் வந்தது.

தங்கச்சி, உன் தாமான் வீட்டிலும் ஒட்டுப்பால் இருக்கிறது. கட்டிலுக்கு அடியிலும், அலமாரி உச்சியிலும், பின்கட்டில் வாஷிங் மிஷினுக்குப் பக்கத்திலும் காய்ந்து ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அதை உரித்தெடுப்பது எப்படி, எடுத்த காசு கரையாமல் சமையல் செலவைச் சுருக்குவது எப்படி என்று நான் கற்றுக்கொண்டதைத்தான் உனக்குச் சொல்லப் போகிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் வீட்டுக்காரருக்கு ஓவர்டைம் நின்றுபோனது. அடிப்படைச் சம்பளத்தில் வீட்டுத் தவணை, கார் தவணை, மூன்று பிள்ளைகள். முதல் மாதம் அழுதேன். இரண்டாம் மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் ஒரே ஓர் அலமாரியைத் திறந்தேன். ஒரே ஓர் அலமாரி என்பதை நன்றாகக் கவனி. வீடு முழுக்க ஒரே நாளில் இழுத்துப் போட்டால் மாலைக்குள் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே திணித்துவிடுவாய். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, போன தீபாவளியிலிருந்து இன்றுவரை இதை யாராவது தொட்டோமா என்று கேட்டேன். தொடவில்லை என்றால் ஒரு பெட்டிக்குள். அன்று அந்தப் பெட்டிக்குள் போனவை ஒரு சாண்ட்விச் மிஷின், குழந்தை நடைவண்டி, ஒருமுறை கட்டிய மூன்று பட்டுச் சேலைகள், பிள்ளைக்குப் பத்தாமல் போன பள்ளிச் சீருடை நான்கு செட். எல்லாம் விற்று முடிய ஆறு வாரம் ஆனது. கைக்கு வந்தது 385 வெள்ளி. அந்த மாத மின்கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் கட்டி மிச்சமிருந்தது.

விற்பதில் முதல் பாடம் காலம். சீருடையை மார்ச்சில் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பள்ளி திறப்பதற்கு மூன்று வாரத்துக்கு முன் போடு, அன்றைக்கே போகும். சேலையும் பஞ்சாபி உடையும் தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்பு. நடைவண்டி, தொட்டில் கம்பி, பிள்ளைக் கார் சீட் ஆகியவற்றுக்குக் காலம் இல்லை, எப்போதும் யாருக்காவது குழந்தை பிறந்துகொண்டிருக்கிறது. ஆனால் கார் சீட் விபத்தில் சிக்கியதென்றால் விற்காதே, உடைத்துப் போடு. மின்சாரச் சாமான்களை மட்டும் தாமதிக்கவே தாமதிக்காதே. மாதம் ஏற ஏற விலை இறங்கும். வைத்திருந்தால் எப்போதாவது உதவும் என்று நான் மூன்று வருடம் வைத்திருந்த ஜூஸ் மிஷின், கடைசியில் ரப்பர் வளையம் இறுகி, பழைய சாமானாகத்தான் போனது.

இரண்டாவது, மொழி. சுங்கைப்பட்டாணியிலும் கூலிமிலும் உன் சாமானை வாங்கப் போகிறவர்களில் பாதிக்கு மேல் மலாய்க்காரர்களும் சீனர்களும்தான். நம் வாட்ஸ்அப் குழுவில் தமிழில் மட்டும் போட்டுவிட்டு யாரும் கேட்கவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். முகநூல் மார்க்கெட்பிளேஸிலும் முடா தளத்திலும் மலாயில் இரண்டு வரி எழுதிப் போட்ட அன்று மாலையே மூன்று பேர் கேட்டார்கள். என்ன சாமான், எத்தனை வருடம் ஆனது, எங்கே கீறல், எங்கே வந்து எடுக்க வேண்டும் என்பது போதும். படத்தைக் காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்து எடு. கீறலையும் தனியாக ஒரு படம் எடுத்துப் போடு. குறையை முதலிலேயே காட்டினால், வாசல்வரை வந்தவர் விலையைக் குறைக்கச் சாக்குத் தேட மாட்டார்.

விலை சொல்வதற்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கோலா மூடாவில் ‘பசார் பிசிக்’ பார்த்திருக்கிறாயா? கிசுகிசுச் சந்தை. மீன் கூடையைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள், சத்தம் இருக்காது. வாங்குகிறவர் தன் விலையை விற்கிறவர் காதுக்குள் சொல்வார். எல்லோரும் சொன்ன பிறகு அதிகம் சொன்னவருக்கு மீன் போகும். நானும் அப்படித்தான் செய்கிறேன். குழுவில் எல்லோருக்கும் முன்னால் பேரம் பேச மாட்டேன். தனியாக எழுதுங்கள், இரவு ஒன்பது மணிக்குச் சொல்கிறேன் என்பேன். முதல் ஆள் கேட்டவுடனே தலையாட்டிய நாள்களைவிட இப்போது நல்ல விலை கிடைக்கிறது. யாருடைய மனமும் நோவதில்லை.

பணம் வாங்குவதில் ஒருமுறை ஏமாந்தேன். ஒருவர் பணம் அனுப்பிய ரசீது என்று படம் அனுப்பினார், நம்பி அடுப்பைக் கொடுத்துவிட்டேன். கணக்கில் ஒரு காசும் வரவில்லை. ரசீதின் படம் பணம் ஆகாது, தங்கச்சி. உன் வங்கிக் கணக்கைத் திறந்து தொகை ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சாமான் கேட்டைத் தாண்ட வேண்டும். பணம் அனுப்ப இந்த இணைப்பை அழுத்துங்கள், கைப்பேசிக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் பேச்சை அங்கேயே நிறுத்து. கணக்கிலிருந்து பணம் போய்விட்டதென்றால் அந்த நிமிடமே 997க்கு அழை. அது தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் எண். வெட்கப்பட்டுக்கொண்டு மறுநாள்வரை தள்ளிப் போடாதே. ஆள் வரும்போது வீட்டில் தனியாக இருக்காதே, இல்லாவிட்டால் தாமான் முனைக் கடை வாசலில் வைத்துக் கொடு.

விற்க முடியாதவை ‘சூராட் காபார் லாமா’ என்று கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லோரிக்கு. அதற்கு முன் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றை எடுத்துக்கொள். காந்தம் ஒட்டினால் இரும்பு, மலிவு. ஒட்டாத சட்டி அலுமினியமாகவோ பித்தளையாகவோ செம்பாகவோ இருக்கலாம், அவற்றுக்கு இரும்பைவிட நல்ல விலை. இரும்போடு சேர்த்து எடை போட்டால் நட்டம் உனக்குத்தான்.

ஆனால் பாட்டியின் பித்தளைச் செம்பையும் தூக்குச்சட்டியையும் எடைக்குப் போடாதே. எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. தையல் மிஷினின் பழைய இரும்புக் கால் இருந்தால் காபிக்கடை வைக்கிறவர்கள் மேசையாக்கத் தேடி வருகிறார்கள், எடைக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு கொடுப்பார்கள். அது மிஷின் கால், கொடுக்கலாம். அம்மாவின் உளியும் இரண்டு மங்கும் என்னிடம் இருக்கின்றன. அவற்றுக்கு விலை கேட்டவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

இன்னொரு தவறையும் சொல்லிவிடுகிறேன். மகனின் சின்னச் சைக்கிள் அவனுக்குப் பத்தவில்லை என்று அவன் பள்ளியில் இருக்கும்போது விற்றேன். வந்து பார்த்துவிட்டு அவன் சாப்பிடாமல் படுத்தான். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு பிள்ளையின் பொருளைப் பிள்ளையிடம் கேட்காமல் தொட்டதில்லை. அவனே விற்கட்டும் என்று விட்டால், பாதிக் காசு அவன் உண்டியலுக்கு, பாதி டின்னுக்கு. இப்போது அவனே பெட்டி கொண்டு வருகிறான்.

அந்த டின்னைப் பற்றி ஒரு வார்த்தை. விற்ற காசைச் செலவுப் பணப்பையில் போட்டால் வியாழக்கிழமை பசார் மாலாமில் கரைந்துவிடும். பெயர் எழுதித் தனியாக வை: ‘கார் டயர்’, ‘பள்ளிப் பயணம்’. நம் கெடாவில் இதற்குப் பெரிய முன்னோடி உண்டு. 1950களில் வெள்ளைக்காரத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றார்கள், நம் ஆட்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அதைத் தடுக்க 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேருங்கள் என்று கேட்டார். அன்று பால்வெட்டுக்காரர்களுக்குப் பத்து வெள்ளி பெரிய தொகை. அப்படிச் சேர்ந்த பணத்தில் சங்கம் வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம், 1961இல். எங்கள் பாட்டி அந்தப் பத்து வெள்ளிக்கு எத்தனை முட்டை விற்றேன் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

டின்னில் சேர்ந்ததை வைத்துக் ‘கூட்டு’, அதாவது சீட்டு, பிடிக்கலாமா என்று என் தங்கை முறை ஒருத்தி கேட்டாள். வேண்டாம். கூட்டு நடத்துவதைத் தொழிலாக்குவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சட்டத்தின் பெயரிலேயே நம் ‘கூட்டு’ என்ற சொல் இருக்கிறது. எடுத்தவர் ஓடிவிட்டால் யாரிடம் போய் நிற்பாய்? கடன் கழுத்தை நெரிக்கிறதென்றால் பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போ. ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

இனி அடுப்படி. நான் கணக்கெழுதிப் பார்த்தபோது எங்கள் பணம் அதிகம் போனது அரிசிக்கும் மீனுக்கும் இல்லை. வேலை முடிந்து வந்த களைப்பில், இன்றைக்கு வெளியிலேயே சாப்பிடுவோம் என்று சொன்ன மாலைகளுக்குத்தான் போனது. ஆகவே என் சமையல் டிப்ஸ் எல்லாம் அந்த மாலை ஆறரை மணிக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கிலோ சின்ன வெங்காயமும் பூண்டும் உரித்து வை. அரைக்கிலோ காய்ந்த மிளகாயை ஊறவைத்து வெங்காயம் சேர்த்து அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்கிப் போத்தலில் போட்டுக் குளிர்பெட்டியில் வை. ஈரக் கரண்டி போடாதே. இந்த ஒரு போத்தல் இருந்தால் திங்கள் நெத்திலிச் சம்பல், புதன் முட்டைச் சம்பல், வெள்ளி தெம்பே பெரட்டல், ஒவ்வொன்றும் இருபது நிமிடம்.

சார்டின் டின்னை அப்படியே கொட்டிச் சூடாக்கினால் மூன்று பேருக்குத்தான் வரும். ஓர் உருளைக்கிழங்கு, ஒரு முருங்கைக்காய், இரண்டு தக்காளி முதலில் குழம்பாக வெந்த பிறகு, கொஞ்சம் புளி கரைத்து ஊற்றி, டின் மீனைக் கடைசியில் உடையாமல் இறக்கு. ஐந்து பேர் வயிறாரச் சாப்பிடலாம், மறுநாள் காலை ரொட்டிக்கும் கொஞ்சம் மிஞ்சும்.

கோழி முழுதாக வாங்கு. தொடையும் நெஞ்சும் இரண்டு பெரட்டலுக்கு. கழுத்து, முதுகெலும்பு, இறக்கை முனையை மிளகும் சீரகமும் நசுக்கிப் போட்டுக் கோழி ரசம் வை. மழைநாளில் அதுவே என் பிள்ளைகளுக்கு விருந்து. கெம்போங் மீன் மலிந்த நாளில் இரண்டு கிலோ வாங்கி, கழுவி, மஞ்சளும் உப்பும் தடவி, ஒருவேளைக்கு ஒரு பொட்டலமாக உறையவை.

அரிசிக்கு வெட்கப்படாதே. இருபோகம் விளைகிற மூடா சமவெளியின் பெரும்பகுதி நம் கெடாவில்தான் இருக்கிறது. அரசு விலை கட்டுப்படுத்திய உள்ளூர் அரிசியை வார நாளுக்கு வை, பொன்னியை வெள்ளிக்கிழமைக்கு வை. மாமியார் முதல் வாரம் முகம் சுளித்தார், இப்போது கேட்பதில்லை. மலிவான ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் கிடைக்கும் கடையைத் தெரிந்து வைத்துக்கொள். பருப்பை இரவே ஊறவைத்துக் குக்கரில் போட்டால் கேஸ் தோங் ஒரு வாரம் கூடுதலாக நீடிக்கிறது.

வேலியோரம் ஒரு முருங்கைக் கொம்பு ஊன்று. அகத்தியும் கறிவேப்பிலையும் இருந்தால் இன்னும் நல்லது. மரவள்ளி நட்டிருந்தால் ஒன்று மறக்காதே: கிழங்கைத் தோல் முழுக்க உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. பச்சையாக யார் வாயிலும் படக்கூடாது. ஜப்பான்காரன் காலத்தில் அதைத் தின்றே உயிர் பிழைத்த பாட்டி, ஒவ்வொரு முறையும் எங்களிடம் இதைச் சொல்லிவிட்டுத்தான் தட்டில் வைப்பார். வெந்த கிழங்குக்கு நெத்திலிச் சம்பல், கூடவே வெறும் தேத்தண்ணி. அது ஒரு முழு இரவுச் சாப்பாடு.

குடியைப் பற்றிப் பேசாமல் சிக்கனம் பேசினால் நான் பொய் சொன்னவளாவேன். 1947இல் பீடோங் பக்கம் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றது. சம்பளக் காசு வீடு வந்து சேரவேண்டும் என்பதும் அந்தப் போராட்டத்தில் இருந்தது. இன்றைக்கும் எந்த வீட்டில் அந்தக் காசு பாட்டிலுக்குப் போகிறதோ, அங்கே நான் சொன்ன சம்பல் போத்தலும் மைலோ டின்னும் மட்டும் போதாது. அந்தத் தங்கச்சி தனியாகச் சுமக்க வேண்டாம். அண்ணனிடமோ மாமாவிடமோ கோவில் பெரியவரிடமோ வாய் திறந்து சொல்லட்டும்.

வரும் சனிக்கிழமை நீ கட்டிலுக்கு அடியிலிருந்து தொடங்கு. ஒரு பெட்டி, ஒரு துணி, ஒரு டார்ச் லைட் போதும். பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள், மூலையில் கிடப்பதை எடுக்க அவர்கள் கைதான் எட்டும்.