புயல் அடிச்சா ஆர்டர் குவியும், லாபம்?

அட்வான்ஸா வந்த பணம் கம்பெனியோட வருமானமா? இதைப் புரிஞ்சுக்க அமெரிக்கா வரைக்கும் போய்ட்டு வரலாம்.

ஓக்லஹோமா மாநிலம், மூர் நகரம். 2013 மே 20 அன்று வீசிய டொர்னேடோவில் 24 பேர் இறந்தாங்க. அதில் 7 பேர் ஒரே தொடக்கப் பள்ளியின் குழந்தைகள். அதுக்கப்புறம் கராஜ் தரைக்கு அடியில் புதைக்கிற இரும்புப் பெட்டி, கான்கிரீட் அறைன்னு புயல் காப்பறைக்கு ஆர்டர் குவிஞ்சது.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். காப்பறை விலை 4,000 டாலர். 200 பேர் பாதிப் பணம் கட்டுறாங்க. பேங்க்ல 4 லட்சம் டாலர். முதலாளிக்கு குஷி, லோன் போட்டு ரெண்டு லாரி வாங்குறார். ஆனா கணக்குப்படி அது வருமானமே இல்லை, கடன். காப்பறையைப் பொருத்திக் கொடுத்தாதான் வருமானம். அதுக்குள்ள இரும்பு விலை ஏறினா நஷ்டம் அவருக்கு. அடுத்த வருஷம் புயல் இல்லைன்னா ஆர்டர் நிக்கும், இ.எம்.ஐ. நிக்காது.

கம்பெனி திவாலானா? அடமானம் வாங்கின பேங்க்தான் முதல்ல. அட்வான்ஸ் கட்டினவர் வரிசையில ரொம்பப் பின்னாடி.

(இன்னொண்ணு: 'ஃபெமா சான்று பெற்றது'ன்னு விளம்பரம் வந்தா நம்பாதீங்க. அந்த அரசு அமைப்பு வழிகாட்டி விதிகள்தான் வெளியிடுது, எந்தத் தயாரிப்புக்கும் சான்று தர்றதில்லை.)

நீங்க மாடுலர் கிச்சனுக்கு 80% முன்பணம் கட்டும்போதும் இதே வரிசைதான். வேலை முடிய முடிய பணம் கொடுங்க. கடைசித் தவணையைப் பொருத்தி முடிச்ச பிறகு கொடுங்க. ஷேர் வாங்குறவங்க பேலன்ஸ் ஷீட்டில் 'வாடிக்கையாளர் முன்பணம்' எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க. பொறுப்புகள் பக்கம்.