முதல் தகடு ஏற்றும் முன்

திண்டுக்கல்லைச் சுற்றி சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். தனியார் வீடு கட்ட எங்கள் தொழிலுக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது. தகடும் ஜாக்கியும் நாலு ஆளும் இருந்தால் இறங்கிவிடலாம். அதனாலேயே அனுமதியெல்லாம் வீட்டுக்காரர் பாடு என்று பல வருஷம் இருந்துவிட்டேன்.

தாடிக்கொம்பு ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. தகடு பரப்பி, கம்பி கட்டி, மறுநாள் கான்கிரீட் என்ற நிலையில் வேலையை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்தது. "அப்ரூவல் வந்துரும்ணே, நீங்க ஆரம்பிங்க" என்று வீட்டுக்காரர் சொன்னதை நம்பியிருந்தேன். விசாரித்தால், மனையே அங்கீகாரம் இல்லாதது. அதை வரன்முறைப்படுத்தாமல் வரைபடம் பாஸாகாது. ஜாக்கி முழுக்க வாடகை. வாடகை நாள் கணக்கு. ஒன்றரை மாதம் அப்படியே நின்றது. கட்டுக்கம்பி துருவேறி, தகட்டில் செம்மண் நிறத்தில் கோடு கோடாக இறங்கியிருந்தது. அந்த வாடகை என் கையிலிருந்துதான் போனது.

அன்றிலிருந்து, விலை பேசும் முன்பே அனுமதி வரைபடத்தைக் கேட்டு வாங்குகிறேன். அதிலுள்ள சர்வே எண்ணைப் பட்டாவோடு ஒத்துப் பார்ப்பேன். ஊர் விளிம்பில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் மாநகராட்சி, அந்தப் பக்கம் ஊராட்சி என்று இருக்கும். அனுமதி எந்த அலுவலகத்தின் பெயரில் வந்திருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததென்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானதா என்று கேட்பேன். வரன்முறைத் திட்டம் அந்தத் தேதியை வைத்துத்தான் வந்தது.

2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் சின்ன வீடுகளுக்கு ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் மேலே ஒரு மாடியும்தான். "அப்படியே இன்னொரு மாடி போட்டுருங்கண்ணே" என்று பாதியில் கேட்பார்கள். புது அனுமதி இல்லாமல் ஒரு தகடுகூட ஏற்றாதீர்கள்.

முட்டு பிரிப்பதிலும் அவசரப்படுத்துவார்கள். ஐ.எஸ். 456 விதிப்படி சாதா சிமெண்டில் நாலரை மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள். இப்போது பெரும்பாலும் வருவது பி.பி.சி. சிமெண்ட், அதற்கு இன்னும் கூடுதல் நாள் விட வேண்டும். வரைபடத்தில் கையெழுத்திட்ட இன்ஜினியர் சொல்லாமல் நான் பிரிப்பதில்லை.

ஆட்கள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் சென்ட்ரிங் வேலைக்காரர்களும் சேரலாம். வயது 18 முதல் 60 வரை. கார்டைப் புதுப்பிக்க மறந்துவிடுவார்கள், ஞாபகப்படுத்த வேண்டியது நாம்தான்.

தம்பிமார்களே, முன்பணம் வாங்கும் நாளிலேயே அனுமதி வரைபடத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.